வாசகர் கேள்வி பதில்: நண்பகல் நிழல் ஏன் தெற்கே விழுகிறது?

கேள்வி: நண்பகலில் நிழல் விழும் பக்கம் வடக்கு என்று மகனின் பாடக்குறிப்பில் இருக்கிறது. ஜூன் மாதம் எங்கள் மொட்டைமாடியில் நிழல் தெற்கே விழுகிறதே? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் பார்த்ததுதான் சரி. அந்த விதி கடகக் கோட்டுக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கானது. கொழும்போ மத்திய கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 7 அளவில் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய், செப்டெம்பர் முதல் வாரத்தில் திரும்பும். இடைப்பட்ட ஐந்து மாதமும் நண்பகல் நிழல் தெற்கேதான். அந்த நண்பகலும் மணிக்கூட்டின் 12 மணி அல்ல, பெப்ரவரியில் 12.25 வரை தள்ளிப் போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.54க்கே வந்துவிடும்.

திசை காண எந்த மாதமும் பிழைக்காத வழி, பழைய சங்கு முறை (சங்கு என்றால் நிழல் பார்க்க நடும் கம்பு). மட்டமான தரையில் 50 சென்ரிமீற்றர் கம்பை நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நிமிர்த்துங்கள். சாய்ந்த கம்பு முழு வேலையையும் கெடுக்கும். கம்படியை மையமாக வைத்து 50 சென்ரிமீற்றர் ஆரையில் வட்டம் கீறுங்கள். காலை 8.45 முதல் காவல் இருங்கள். நிழல் நுனி சுருங்கி வட்டத்தைத் தொடும் இடம் ஒரு புள்ளி. பிற்பகலில் நீண்டு மறுபடி தொடும் இடம் மற்றது. இரண்டையும் இணைத்தால் மேற்கு-கிழக்குக் கோடு. காலைப் புள்ளி மேற்கு. அதற்குச் செங்குத்தாக வடக்கு-தெற்கு. பொறுமையில்லாமல் கால்மணி இடைவெளியில் இரு புள்ளி வைத்து இணைப்பவர்கள் ஜூனிலும் டிசெம்பரிலும் நன்றாகவே ஏமாறுவார்கள். அப்போது நுனி நேர்கோட்டில் நகர்வதில்லை.

கேள்வி: சுவாமி அறைக்குக் கிழக்குப் பார்த்தோம். கைத்தொலைபேசித் திசைகாட்டி அறைக்கு அறை மாறிக் காட்டுகிறது. (வாசகர், தெஹிவளை)

பதில்: தொடர்மாடித் தூணிலும் தளத்திலும் உள்ள கம்பி, யன்னல் கிறில், மின்தூக்கி எல்லாம் காந்த முள்ளை இழுக்கும். காந்தப் பூட்டுள்ள போன் உறை இன்னும் மோசம். உறையைக் கழற்றி, வெளியே திறந்த இடத்தில் போனை எட்டு வடிவில் பலமுறை சுழற்றிவிட்டுப் பாருங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் கொழும்பில் வித்தியாசம் சொற்பம். சுவாமி அறைக்கு அது பொருட்டல்ல.

உதய சூரியனை நம்பியும் அறை அமைக்காதீர்கள். மார்ச், செப்டெம்பர் 21 ஒட்டிய நாட்களில் மட்டுமே அது நேர்கிழக்கு. ஜூன், டிசெம்பரில் 23 பாகைக்கு மேல் விலகும்.

கேள்வி: காலி வீதியில் நின்றால் கடல் பக்கம் நேர்மேற்குத்தானே? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: வழி கேட்பவருக்குச் சொல்ல அது போதும். கரை தெற்கே போகப்போகச் சற்றுக் கிழக்காகச் சரிவதால், அளவெடுக்க உதவாது.