36 வயசுல செல்ஃப் டிஃபென்ஸ் கத்துக்கலாமா, எந்த கிளாஸ்ல சேரலாம்?

கேள்வி: திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசரா இருக்கேன், ரெண்டு பசங்க. ஷிப்மெண்ட் நேரத்துல கிளம்பவே நைட் ஒன்பதரை ஆயிடும், பஸ் இறங்கி பத்து நிமிஷம் நடக்கணும், பாதி தெருவுல லைட் இல்ல. பக்கத்துல கராத்தே கிளாஸ் இருக்கு, ஆனா எல்லாம் ஸ்கூல் பசங்க. ஆபீஸ்ல ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் வைக்கிறாங்களாம். எதுல சேரட்டும்? முட்டி வலி வேற இருக்கு. வீட்டுக்காரர் "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்"னு சிரிக்கிறார். நான் அடிச்சு அவனுக்கு ஏதாவது ஆயிட்டா கேஸ் என் மேல வருமா?

பதில்: முதல்ல வயசு மேட்டர முடிச்சிடலாம். வடகரை மீனாட்சியம்மா, களரிப்பயட்டு குரு, எழுபது வயசு தாண்டியும் புடவையக் கட்டிக்கிட்டு கம்பும் வாளும் சுத்துனவங்க, 2017ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவங்க சின்ன வயசுலயே ஆரம்பிச்சவங்கதான், அதுவும் இதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல, ஆனா 36 எல்லாம் ஒரு வயசே இல்லன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. என் கிளாஸ்ல நல்லா தேறினதுல பாதிப் பேரு குழந்தைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்த அம்மாக்கள்தான்.

கராத்தேவா சிலம்பமா டேக்வாண்டோவான்னு ரொம்ப யோசிக்காதீங்க. போய் ஒரு நாள் ஓரமா உக்காந்து பாருங்க. வரிசையா நின்னு காத்துல குத்தறது, கட்டா (தனியா நின்னு வரிசைக்கிரமமா செஞ்சு காட்டற அசைவுகள்), அடுத்த மாசம் பெல்ட் டெஸ்ட் ஃபீஸ், இவ்வளவுதான் நடக்குதுன்னா உடற்பயிற்சிக்கு நல்லது, உங்க தெருவுக்கு பத்தாது. ஒருத்தர் உண்மையாவே கைய இறுக்கிப் பிடிக்கணும், நீங்க விடுவிக்கணும், விடாம மறுபடி பிடிக்கணும். பேடுல, அதாவது எதிர்ல நிக்கறவங்க கையில பிடிச்சிருக்கற மெத்தையில, முழு பலத்தோட அடிக்க விடணும். முக்கியமா கத்த விடணும்.

கத்தறதுதாங்க நம்ம பொண்ணுங்களுக்கு இருக்கறதுலயே கஷ்டம். புதுசா வர்றவங்கள "தள்ளி நில்லு!"ன்னு ஹால் அதிர கத்துங்கன்னா முதல் நாள் சிரிப்புதான் வரும், பக்கத்துல நிக்கறவங்கள பாத்து இன்னும் சிரிப்பு வரும். பேடு பிடிச்சிருக்கற பொண்ண ஒரு குத்து குத்திட்டு "அய்யோ சாரிக்கா, வலிச்சிடுச்சா"ன்னு ஓடி வந்து தடவிக் குடுப்பாங்க. அந்த சாரி நிக்கவே சிலருக்கு மூணு வாரம் ஆகும், நான் அத குறை சொல்லல, சின்ன வயசுலேருந்து சத்தமா பேசாத பேசாதன்னு வளத்துட்டு திடீர்னு கத்துன்னா எப்படி வரும்.

சும்மா ஒண்ணு வீட்டுலயே பண்ணிப் பாருங்க. வீட்டுக்காரர் உங்க மணிக்கட்ட இறுக்கிப் பிடிக்கட்டும். நேரா பின்னாடி இழுத்தீங்கன்னா வராது. அவர் பெருவிரல் நுனியும் மத்த விரலும் எங்க சேருதோ அந்த இடைவெளி பாத்து, முழங்கைய மடக்கி உடம்போட சேத்து, கைய அந்தப் பக்கமா சடக்குன்னு திருப்பி உருவுங்க. நாலு விரலோட பலத்துக்கு எதிரா போகாம ஒரு பெருவிரலுக்கு எதிரா போறீங்க, விஷயம் அவ்வளவுதான். அஞ்சாவது தடவை வந்துடும், அவரும் சிரிக்கறத நிறுத்திடுவார். அப்புறம் அடிக்கறப்ப முஷ்டி வேணாம், பழக்கம் இல்லாம குத்தினா மணிக்கட்டு பிசகிக்கும், உள்ளங்கையோட அடிப்பாகத்தால மூக்கையோ தாடையையோ பாத்து தள்ளி அடிங்க, அடிச்சதும் நின்னு பாக்காம வெளிச்சம் இருக்கற பக்கம் ஓடுங்க.

ஆபீஸ் ஒர்க்‌ஷாப்ப விடாதீங்க. ரெண்டு நாள்ல என்ன வந்துடப் போகுதுன்னு நானும் நினைச்சவதான். ஆனா கனடாவுல மூணு யுனிவர்சிட்டில 893 முதலாண்டு மாணவிகள வச்சு சார்லீன் சென்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு ஒரு ஆய்வு பண்ணி 2015ல வெளியிட்டாங்க, மொத்தமே 12 மணி நேர பயிற்சிதான். ஒரு வருஷம் கழிச்சு பாத்தா, பயிற்சி எடுக்காதவங்கள்ல 9.8 சதவீதம் பேருக்கு பலாத்காரம் நடந்திருக்கு, எடுத்தவங்கள்ல 5.2 சதவீதம், கிட்டத்தட்ட பாதி. அதுல அடிதடி ஒரு பங்குதான், தெரிஞ்சவன் எல்லை மீறறத ஆரம்பத்துலயே எப்படி கண்டுபிடிக்கறது, அவன் மனசு நோகுமேன்னு யோசிக்காம எப்படி தடுக்கறதுங்கறது பெரிய பங்கு. நம்ம ஊர்லயும் போலீஸ்ல பதிவாகற பலாத்கார கேஸ்ல பத்துக்கு ஒம்பதுக்கு மேல தெரிஞ்ச ஆளுங்கதான் பண்றாங்க. நீங்க இருட்டுத் தெருவ பத்தி கேட்டீங்க சரி, ஆனா ஒர்க்‌ஷாப் நடத்தறவங்ககிட்ட சூப்பர்வைசர், சொந்தக்காரன், வீட்டு ஓனர் மாதிரி ஆளுங்கள சமாளிக்கறதயும் சொல்லித்தருவீங்களான்னு கேட்டுப் பாருங்க, முழிச்சாங்கன்னா அது வெறும் டெமோ.

அத முடிச்சிட்டு கராத்தே மாஸ்டர்கிட்ட பேசுங்க, பெரியவங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் தனி பேட்ச் போட முடியுமான்னு. நாலஞ்சு பேரா சேந்து போய் கேட்டா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, தனியா போனா குட்டிப் பசங்களோட நிக்க வச்சிடுவாங்க, ரெண்டே வாரத்துல நின்னுடுவீங்க. முட்டி வலிய முதல் நாளே சொல்லிடுங்க. ரொம்ப தாழ்வா உக்காந்து நிக்கற ஸ்டான்ஸும் குதிக்கறதும் வேணாம். முட்டி வீங்குதுன்னா டாக்டர பாத்துட்டுத்தான் கிளாஸ்.

கேஸ் விஷயம். 2024 ஜூலை 1லேருந்து அமல்ல இருக்கற புது குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால 34லேருந்து 44 வரைக்கும் தற்காப்பு உரிமை பத்திதான், பழைய ஐபிசில 96 முதல் 106. தேவைக்கு மேல அடிக்கக் கூடாதுங்கறது அடிப்படை. ஆனா உயிர் போயிடும், பலாத்காரம் பண்ணிடுவான், கடத்திடுவான், ஆசிட் ஊத்திடுவான்னு நியாயமா பயப்படற நிலைமைல அவன் உயிரே போனாலும் அது தற்காப்புதான்னு 38வது பிரிவு சொல்லுது. அவன் விட்டுட்டு ஓடறப்ப துரத்திப் போய் அடிச்சா அது இதுல வராது. எதுவானாலும் உடனே 112க்கு போன் பண்ணி நீங்களே முதல்ல சொல்லிடுங்க, பெண்களுக்கான 181ம் 24 மணி நேரமும் எடுப்பாங்க.

பெப்பர் ஸ்பிரே வாங்கினா அது கையில இருக்கணும், டிஃபன் பாக்ஸுக்கு அடியில இருந்து பிரயோஜனம் இல்ல. காத்து உங்க மூஞ்சிக்கு எதிரா அடிச்சா உங்களுக்கேதான் எரியும், எக்ஸ்பைரி டேட்டும் பாத்துக்கோங்க.

கிளாஸுக்கு ட்ராக் பேண்ட் போட்டுட்டு போங்க, ஆனா மாசத்துல ரெண்டு நாளாவது ஆபீஸ் போற அதே சுடிதார், ஷால், செருப்பு, ஹேண்ட்பேக்கோட பயிற்சி பண்ணுங்க, ஷால் எங்க மாட்டும்னு அப்பத்தான் தெரியும். தாலிக்கொடிய கழட்ட மாட்டேன்னா சட்டைக்குள்ள விட்டு டேப் ஒட்டிக்கோங்க. அதே செயின ரோட்டுல பைக்ல வந்து எவனாவது இழுத்தான்னா விட்டுடுங்க, பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்காதீங்க, அவன் வண்டியோட உங்களையும் தரதரன்னு இழுத்துட்டுப் போயிடுவான்.