பதில்: இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தமும் கீழ்வீட்டுக்காரரும்

வணக்கம் சார். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பழைய பைப்பை மாற்ற இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தணும், கீழ்வீட்டில் குடியிருப்பவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

நாலு பக்கெட் பிடித்து வைத்தால் போதும் என்கிறாரே உங்கள் பிளம்பர், அதை விடுங்கள். 20 லிட்டர் பக்கெட் என்றால் 20 கிலோ. உட்கார்ந்தபடி எப்படித் தூக்குவார்? குழாய் வைத்த டிரம் ஒன்றை அவர் கை எட்டும் உயரத்தில், கெட்டியான ஸ்டாண்டு மேல் வையுங்கள். நாற்காலி திரும்பும் இடத்தை அது அடைக்கக் கூடாது.

கழிவறைதான் பெரிய தலைவலி. ஒரு தடவை ஃப்ளஷ் செய்யவே 6 முதல் 10 லிட்டர் போகும். போர் மோட்டாரிலிருந்து ஒரு ஹோஸை நேராக அவர் குளியலறைக்கு இழுத்துவிட முடியுமா பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும். இல்லையென்றால் ஃப்ளஷ் தொட்டியை நிரப்ப ஓர் ஆள் வேண்டும். எந்த நேரத்துக்கு வரலாம் என்பதை அவரிடமே கேளுங்கள். நாமாக முடிவுசெய்வது அவருக்குச் சங்கடம்.

லாட்ஜில் தங்கவைப்பதானால், முதலில் அங்குள்ள பாத்ரூம் கதவை டேப்பால் அளந்துவிடுங்கள். வேலை நடக்கும்போது பைப் துண்டுகளை வாசல் சரிவில் போடவேண்டாம் என்று ஆட்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.