தியேட்டர் கதவுக்கு வெளியே: கேள்வி பதில்

31 வருடம் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் நேர்ஸாக நின்றவன் நான். மலையகத்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் வேலை செய்துவிட்டு, ஓய்வுபெற்றுக் கண்டியில் இருக்கிறேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் படும் பாடு, மனைவிக்குப் பித்தப்பை எடுத்த அன்றுதான் எனக்கே தெரிந்தது. அந்தக் காத்திருப்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். நோயைப் பற்றி மட்டும் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு மகள்: ஐயா, அம்மாவுக்குப் புதன்கிழமை கர்ப்பப்பை எடுக்கிறார்கள். ஒன்றரை மணித்தியாலம் என்று டொக்டர் சொன்னார். பக்கத்து லயத்து அக்காவுக்கும் இதே ஒப்பரேஷன்தான், வெளியே கொண்டுவர ஐந்து மணித்தியாலம் ஆனதாம். ஏதாவது பிழையாகிப் போயிருக்குமோ?

அப்படி நினைக்கத் தேவையில்லை மகள். டொக்டர் சொல்வது கத்தி வைத்ததிலிருந்து தையல் போடும் வரைக்கும் உள்ள நேரம். நீங்கள் எண்ணுவது வார்டிலிருந்து ட்ரொலி கிளம்பிய நேரத்திலிருந்து. இரண்டும் வேறு வேறு கணக்கு.

ட்ரொலி உள்ளே போனதும் முந்திய கேஸ் முடியும் வரை ஓர் ஓரமாக நிற்கும். அப்புறம் பெயர், என்ன ஒப்பரேஷன், எந்தப் பக்கம், எதற்காவது அலர்ஜி உண்டா என்று கேட்போம். வார்டில் கேட்டதையே திரும்பவும் கேட்போம். 2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல் அப்படித்தான். பிறகு கையில் ஊசி ஏற்றி, மயக்கமோ முதுகில் ஊசியோ போட்டு, ஆளைச் சரியாகக் கிடத்தி, மருந்து பூசி, பச்சைத் துணி விரித்து முடிக்கவே முக்கால் மணித்தியாலம் போய்விடும். முடிகிற நேரத்தில் கருவிகளையும் இரத்தம் ஒற்றும் துணிகளையும் எண்ணுவோம். கணக்குக் குறைந்தால் கிடைக்கும் வரை விடமாட்டோம். ஒரு தடவை ஒரேயொரு துணிக்காகக் குப்பை வாளியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியிருக்கிறேன். வெளியே நின்ற குடும்பம் அந்த இருபது நிமிடத்தில் என்னவெல்லாம் நினைத்ததோ!

எல்லாம் முடிந்தாலும் உடனே வார்டுக்கு விடமாட்டார்கள். கண் விழித்து, மூச்சும் பிரஷரும் சீராகும் வரை பக்கத்து அறையில் வைத்துப் பார்ப்பார்கள். இடையில் ஓர் அவசர கேஸ் வந்தால் உங்கள் முறையே தள்ளிப்போகும். ஒரே தியேட்டர் உள்ள சின்ன ஆஸ்பத்திரியில் சிசேரியன் ஒன்று வந்தால் போதும்.

அதனால் டொக்டர் சொன்ன நேரத்தோடு இரண்டு, மூன்று மணித்தியாலம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் தாண்டினால் வார்டு நேர்ஸிடம் போய்க் கேளுங்கள். அவர் தியேட்டருக்குப் போன் எடுத்துக் கேட்பார்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: ராத்திரி பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றார்கள். அப்பா டீ குடிக்காமல் எழும்பவே மாட்டார். டீ சாப்பாடு இல்லைதானே?

பால் டீ சாப்பாடுதான் தம்பி! நம்மவர்களின் ஒப்பரேஷன் தள்ளிப்போனதற்கு நான் கண்ட காரணங்களில் இதற்குத்தான் முதலிடம். “ஒன்றும் சாப்பிடவில்லை மிஸ், வெறும் டீதான்” என்பார்கள். மயக்கம் போட்டபின் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவான கணக்கு, சாப்பாட்டுக்கும் பாலுக்கும் ஆறு மணித்தியாலம், தண்ணீருக்கு இரண்டு. பால் சேராத பிளேன்டீயைத் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பதுண்டு. ஆனால் உங்கள் வார்டில் என்ன சொன்னார்களோ அதுதான் சட்டம். அப்பா தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்க வேண்டாம், சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அப்புறம், அவர் பட்டினி என்று நீங்களும் பட்டினி கிடக்க வேண்டாம். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். பசியில் மயங்கி விழுந்த ஒரு நோயாளியின் மகனைத் தூக்கி உட்கார வைத்த அனுபவமும் எனக்கு உண்டு.

பதுளையிலிருந்து: குடும்பத்தில் ஏழு பேர். எல்லோரும் வரவேண்டும் என்று பாட்டி சொல்கிறார்.

ஏழு பேர் வந்தால் தோட்டத்தில் ஏழு பேருக்கும் அன்றைய நாட்சம்பளம் போகும். வந்தாலும் செக்கியூரிட்டி ஏழு பேரையும் உள்ளே விடமாட்டார். ஒருவர் வாசலில், இன்னொருவர் மாற்றாள், போதும். வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்தி சொல்ல ஒரே ஒரு ஆளை வையுங்கள். இல்லாவிட்டால் கொழும்பு மாமாவுக்கு ஒரு கதையும் டுபாய் அண்ணனுக்கு வேறு கதையும் போய்ச் சேரும். மற்றவர்களின் முறை பிறகுதான் வரும். வீட்டுக்கு வந்த நோயாளியைப் பார்க்க ஆள் வேண்டுமே, அப்போது பாருங்கள், ஒருவரையும் காணக் கிடைக்காது.

நாவலப்பிட்டியிலிருந்து: மனைவி தாலியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

இரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவி ஒன்றைப் பாவிக்கிறோம். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. தங்கத்தைக் கழற்றி நீங்களே வாங்கி வைத்துக்கொண்டு, மஞ்சள் கட்டிய நூல் கயிறு ஒன்றைக் கழுத்தில் கட்டிவிடுங்கள். முதலிலேயே நேர்ஸிடம் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வளையல், மூக்குத்தி, பொய்ப்பல், நகப்பூச்சு எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்துவிடுங்கள். மூக்குத்தி இறுகிப்போய் விடியற்காலையில் சவர்க்காரம் போட்டுக் கழற்றுவது பெரிய பாடு.

இராகலையிலிருந்து ஓர் அக்கா: எனக்குச் சிங்களம் வராது. கூப்பிட்டால்கூட விளங்காது.

இந்த ஒரு வசனத்தைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா: “லெடாகே கட்டிய இன்னவாத?” நோயாளியின் ஆட்கள் இருக்கிறார்களா என்று அர்த்தம். இதோடு நோயாளியின் பெயரும் காதில் விழுந்தால் உடனே எழும்பிப் போங்கள். நீங்கள் கேட்பதற்கு: “ஒப்பரேஷன் எக்க இவரத?” முடிந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். நோயாளியின் பெயர், வார்டு இலக்கம், கட்டில் இலக்கம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கையில் வையுங்கள். பக்கத்தில் காத்திருக்கும் சிங்களக் குடும்பத்தோடு சிரித்துப் பேசி வையுங்கள். நீங்கள் கழிப்பறைக்குப் போயிருக்கும்போது உங்களைத் தேடி ஓடி வருவது அவர்கள்தான்.

பண்டாரவளையிலிருந்து: இரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டி வர வேண்டுமா?

வேண்டாம். நம் நாட்டில் இரத்த வங்கி தானாக முன்வந்து கொடுப்பவர்களை வைத்தே நடக்கிறது.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: அந்த நேரத்தை எப்படிப் போக்குவது? போனைப் பார்த்தால் பயம் கூடுகிறது.

அந்த ஒப்பரேஷனையே போனில் தேடிப் பார்த்திருப்பீர்கள்! அதை விடுங்கள். சார்ஜும் மிஞ்சும்.

கைக்கு வேலை கொடுங்கள். ஒரு கொழுந்துக்கார அம்மா, மகனை உள்ளே அனுப்பிவிட்டு சேலை முந்தானையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார், கொழுந்து கிள்ளுவது போலவே. அடுத்த முறை அவனுக்கு இரண்டாவது ஒப்பரேஷன். அன்று ஒரு பை வெள்ளைப்பூண்டோடு வந்து உட்கார்ந்து உரிக்கத் தொடங்கிவிட்டார். தாழ்வாரமே மணத்தது. எங்கள் அட்டெண்டன் சத்தம் போட்டார். மகன் வெளியே வருவதற்குள் முழுப் பையும் உரித்தாகிவிட்டது, அதில் பாதியை அந்த அட்டெண்டனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் பூண்டு கொண்டு போக வேண்டாம், வேறு ஏதாவது பாருங்கள்.

கண்டி ஆஸ்பத்திரி என்றால் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போய் வரலாம். மாற்றாள் வாசலில் இருந்தால் மட்டும். நுவரெலியா என்றால் ஸ்வெட்டரும் போர்வையும் கட்டாயம், ராத்திரி வாங்கில் உட்கார முடியாது.

பேராதனையில் பிள்ளையோடு இருக்கும் ஒரு தாய்: நாலு வயது மகன். மயக்கம் தெளிந்ததும் எப்படி இருப்பான்?

கத்தி அழலாம், உங்களையே தள்ளிவிடலாம். வலி மட்டும் காரணம் இல்லை, மயக்க மருந்து தெளியும்போது சில பிள்ளைகள் அப்படித்தான். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் அடங்கும். அவன் தலையணைத் துணியோ பொம்மையோ கையோடு வையுங்கள். பெரியவர்களும் முதலில் வெளிறி, குளிரில் நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். அதைப் பார்த்து நீங்கள் அழத் தொடங்கிவிடாதீர்கள்.

இன்னொரு தம்பி: உங்கள் மனைவிக்கு ஒப்பரேஷன் நடந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் ஐயா?

உள்ளே நடப்பதை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டினேன். இப்போது மருந்து பூசுவார்கள், இப்போது எண்ணுவார்கள் என்று. என் கணக்கில் முடிந்த பிறகும் ஒருவரும் வரவில்லை. ஐந்து பிளேன்டீ குடித்தேன். கடைசியில் கதவைத் திறந்து ஒரு சின்ன நேர்ஸ் எட்டிப் பார்த்து, “லெடாகே கட்டிய இன்னவாத?” என்றாள். நானே ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. கை தூக்கவும் வரவில்லை, வாயும் வரவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ என் தோளைத் தட்டி, “ஐயா, உங்களைத்தான்” என்றார்.