வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டுமா?

கேள்வி: டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்தின் பயணிகள் பதிவுப் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நிறுவனம் கடனில் மூழ்கி, ‘பிசினஸ் ரெஸ்க்யூ’ எனப்படும் மீட்பு நடவடிக்கைக்குள் போய்விட்டது. போன மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது. தாமாக விலகுவோருக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். கூடப்பிறந்த அண்ணனைப் போலப் பழகிய மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன செய்வது? – ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் மேலாளரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2008ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, மீட்பு நடவடிக்கை தொடங்கியதும் நிர்வாக அதிகாரம் முழுவதும் அதற்கென நியமிக்கப்படும் மீட்பு அதிகாரியின் கைக்குப் போய்விடுகிறது. இயக்குநர்களே அவருக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்க வேண்டும். அப்படியிருக்க, உங்கள் மேலாளர் எந்த வாக்குறுதியைத் தர முடியும்? அவர் பெயரும் அதே ஆட்குறைப்புப் பட்டியலில் இருக்கலாம். அவருடைய மௌனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் மீதுள்ள வருத்தத்தில் நீங்கள் எந்த முடிவையும் எடுத்துவிடக் கூடாது. உங்கள் கேள்விகளைத் தொழிற்சங்கத்தின் வழியாக, எழுத்தில், மீட்பு அதிகாரியிடமே கேளுங்கள்.

மீட்பு நடவடிக்கை தொடங்கியதாலேயே உங்கள் வேலை ஒப்பந்தம் முறிந்துவிடாது. பழைய நிபந்தனைகளின்படியே அது தொடரும். ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமென்றால், தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி முறையாகக் கலந்து பேசியாக வேண்டும். 2019 நவம்பரில் ஊதிய உயர்வுக்காக வேலைநிறுத்தத்தைக் கண்ட சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ், அடுத்த மாதமே மீட்பு நடவடிக்கைக்குள் போனது. மீட்புத் திட்டத்தை வெளியிடும் முன்பே அங்கே ஆட்குறைப்பு அறிவிப்புக் கொடுத்தபோது, சங்கங்கள் வழக்குத் தொடர்ந்தன. அது முறையல்ல என்று தொழிலாளர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. ஆகவே, உங்கள் நிறுவனத்தின் மீட்புத் திட்டம் வெளியாகிவிட்டதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பாதிச் சம்பளத்தைப் பொறுத்தவரை தேதிதான் முக்கியம். நடவடிக்கை தொடங்குவதற்கு முன்பு சேர்ந்த பாக்கிக்கு, நிறுவனத்திடமிருந்து பணம் வர வேண்டியவர்களில் நீங்கள் முன்னுரிமை உள்ளவர். தொடங்கிய பிறகு செய்த வேலைக்கான கூலிக்கோ அதைவிட உயர்ந்த இடம் உண்டு. சம்பளச் சீட்டுகளை இந்தத் தேதியை வைத்து இரண்டாகப் பிரித்து, நகலெடுத்து வீட்டில் வையுங்கள். அலுவலகக் கணினியை நம்ப வேண்டாம்.

இனி அந்தப் படிவம். உங்களை ஆட்குறைப்புச் செய்தால், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம், அதாவது 17 வாரச் சம்பளம் சட்டப்படி வர வேண்டும். முன்னறிவிப்புக் காலத்துக்கும் எடுக்காத விடுப்புக்கும் உரிய பணம் தனி. தருவதாகச் சொல்லும் தொகை இதையெல்லாம் கூட்டினாலும் மிஞ்சவில்லை என்றால், அவசரப்பட உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் ‘கையெழுத்தே போடாதீர்கள்’ என்று முழங்கும் நண்பர்களையும் நான் முழுதாக நம்பமாட்டேன். கோமேர் விமான நிறுவனம் 2020 மே மாதத்தில் மீட்பு நடவடிக்கைக்குள் போய், மீண்டும் பறந்து, 2022 ஜூனில் கலைக்கப்பட்டதை நாம் பார்த்தோம். கலைப்பு என்று வந்துவிட்டால், திவால் சட்டம் ஊழியருக்குத் தரும் முன்னுரிமைக்கு உச்சவரம்பு உண்டு: சம்பளப் பாக்கிக்கு 12,000 ராண்ட், விடுப்புக்கு 4,000, பணிநீக்க இழப்பீட்டுக்கு 12,000. மீதிக்கு, நிறுவனத்திடமிருந்து பணம் வர வேண்டிய மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். எனவே நிறுவனம் பிழைக்காது என்று உங்கள் சங்கமே கணிக்குமானால், கைக்கு வரும் நியாயமான தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படி முடிவெடுத்தால், பணம் எந்தத் தேதியில் வரும் என்பதை எழுதி வாங்குங்கள். யுஐஎஃப் எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியின் படிவத்தில் காரணத்தை ‘ராஜினாமா’ என்று எழுத விடாதீர்கள். தாமாக ராஜினாமா செய்தவருக்கு வேலையின்மை உதவித்தொகை கிடைக்காது. வெள்ளிக்கிழமைக்கு முன்பாகவே கூடுதல் அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.