பரிஷைக்குப் போனது தப்பா?

கேள்வி: எனக்கு 32 வயது, மனைவிக்கு 29. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வாடகை வீடு. இருவருக்குமாகக் கைக்கு மாதம் 1,09,000 ரூபாய் வருகிறது. போன வாரம் பசவனகுடி கடலைக்காய் பரிஷைக்கு, அதாவது கடலைத் திருவிழாவுக்குப் போனோம். ஒரே மாலையில் 2,640 ரூபாய் செலவு. மெட்ரோவும் திரும்பி வந்த ஆட்டோவும் 480, கடலை நாலு சேர் 240, தின்பண்டம் 390, ராட்டினம் 200, வளையலும் கம்மலும் 450, மண் விளக்கு 380, அக்கா பிள்ளைகளுக்குப் பொம்மை 500. வீட்டுக்கு வந்து கணக்கு எழுதியதும் சண்டை. "வருஷத்துக்கு ஒரு தடவை, அதையும் எழுதி வைப்பீங்களா?" என்கிறார் மனைவி. இப்படிப்பட்ட செலவுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம்? தெருவில் ஒரு அக்கா நடத்தும் தீபாவளிச் சீட்டில் சேரலாமா? ஜனவரியில் லால்பாக் மலர்க்காட்சிக்குப் போகலாமா, நிறுத்திக்கொள்ளலாமா? 1,50,000 ரூபாய் எஃப்டி இருக்கிறது, வட்டி 6.75 சதவீதம். கிரெடிட் கார்டில் 62,000 பாக்கி உண்டு. ஆனால் மாதம் 3,200 தவறாமல் கட்டிவிடுகிறேன், அதில் பிரச்சினை இல்லை.

பதில்: உங்கள் கடிதத்தைக் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. "பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான கிரெடிட் கார்டுகளில் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் அளவுக்கு வட்டி. உங்கள் கார்டுக்கு எவ்வளவு என்று மாத அறிக்கையின் பின்பக்கத்தில் இருக்கும், பாருங்கள். மூன்றரை என்றே வைத்துக்கொண்டால் 62,000-க்கு வட்டி 2,170 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 390 ரூபாய். ஆக 2,560. நீங்கள் கட்டும் 3,200-ல் அசலுக்குப் போவது 640 ரூபாய்தான். பரிஷைக்கு ஆன செலவு 2,640. அதாவது மாதாமாதம் ஒரு பரிஷைச் செலவு உங்கள் வீட்டிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. கடலை இல்லை, வளையல் இல்லை, ராட்டினமும் இல்லை. அதற்காக ஒரு நாளும் சண்டை வந்ததில்லை, ஏனென்றால் அதை நீங்கள் நோட்டில் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுப் பாக்கியையும் கட்டுகிறவர்களுக்குத்தான் அந்த நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாத அவகாசம். பாக்கியை இழுத்துக்கொண்டு போகிறவருக்குப் புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பரிஷையில் ஏதாவது ஒரு கடையில், ரூபே கிரெடிட் கார்டை இணைத்திருக்கும் யுபிஐயில் ஸ்கேன் செய்தீர்களா? செய்திருந்தால் அந்தப் பொம்மைக்கும் அன்று இரவே மீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது.

சரி, என்ன செய்வது? எஃப்டியை உடையுங்கள். எஃப்டி என்றால் தொடக்கூடாத பொருள் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு. என் அப்பாவுக்கும் இருந்தது. கைமாற்று வாங்கி வட்டி கட்டுவார், பீரோவில் எஃப்டி ரசீது பத்திரமாகத் தூங்கும். உங்கள் கணக்கைப் பாருங்கள். 62,000 ரூபாய் எஃப்டியில் கிடந்தால் வருஷத்துக்கு 4,185 ரூபாய் தரும். அதே 62,000 கார்டில் பாக்கியாகக் கிடந்தால் வட்டியும் ஜிஎஸ்டியுமாக வருஷத்துக்கு முப்பதாயிரத்தைத் தின்னும். முன்கூட்டியே உடைத்தால் அரை அல்லது ஒரு சதவீதம் வட்டியைக் குறைப்பார்கள், போகட்டும். சில வங்கிகளில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம். இல்லையென்றால் முழுவதும் உடைத்து, மீதி 88,000-ஐ மறுபடி எஃப்டியாகப் போட்டுவிடுங்கள். அவசரத்துக்கு அது இருக்கும்.

கார்டைக் கட்டும்போது ஒரு கவனம். அறிக்கையில் உள்ள தொகையைக் கட்டியதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அடுத்த அறிக்கையில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதையும் முழுசாகக் கட்டினால்தான் அந்த அவகாசம் திரும்ப வரும். அதுவரை கார்டை யுபிஐ செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்போது பரிஷைக்கு வருவோம். இது திடீர்ச் செலவு இல்லை. கன்னடப் பஞ்சாங்கத்தின் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை என்று எப்போதோ முடிவானது; நம் கார்த்திகையோடு ஒட்டியும் ஒட்டாமலும் வரும், அவ்வளவுதான். காளை வந்து கடலைக் காட்டை மேய்ந்ததாம், சுங்கேனஹள்ளி, குட்டஹள்ளி பக்கத்து விவசாயிகள் முதல் விளைச்சலை உனக்கே தருகிறோம் என்று பசவனுக்கு, அதாவது நந்திக்கு வேண்டிக்கொண்டார்களாம். அவர்கள் எடுத்து வைத்தது விற்றது போக மிஞ்சிய கடலையை இல்லை, முதலில் பறித்ததை. தேதி தெரிந்த செலவுக்கு நானும் இதைத்தான் சொல்வேன், சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்துவிடுங்கள் என்று.

எவ்வளவு? உங்கள் வீட்டுக்கு நான் போடும் பட்டியல் இது: ஜனவரியில் லால்பாக் மலர்க்காட்சி, அந்த மாதமே குமாரகிருபா சாலையில் ஓவியங்கள் விற்கும் சித்திரச் சந்தை, வெயில் காலத்தில் தர்மராயர் கோயில் கரகம், செப்டம்பர் 8-ஆம் தேதியை ஒட்டி சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா, பிறகு பரிஷை, இன்னும் ஒன்று உங்கள் விருப்பம். ஆறு மாலைகள், ஒரு மாலைக்கு 2,500 என்றால் வருஷத்துக்கு 15,000. மாதம் 1,250 ரூபாய். உங்கள் வருமானத்தில் ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. கார்டு முடிந்ததும் மிச்சமாகும் 3,200-ல் 1,250 இதற்கு, 1,950 எஃப்டியைப் பழைய அளவுக்குக் கொண்டுவர. புதிதாக ஒரு ரூபாய்கூட வெளியே தேட வேண்டாம். தீபாவளித் துணியும் பொங்கலுக்கு ஊருக்குப் போவதும் இதில் சேராது; அது வேறு கணக்கு, பெரிய கணக்கு, தனியாக எழுதுங்கள்.

இதற்கு ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டும் வைப்பு போடச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆர்டி வருஷக் கடைசியில் மொத்தமாக வரும், செலவோ வருஷம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. குறைந்தபட்ச இருப்பு கேட்காத இரண்டாவது சேமிப்புக் கணக்கு ஒன்று போதும், முடிந்தால் உங்கள் மனைவி பெயரில். போகிற நாளில் அதிலிருந்து 2,500-ஐ யுபிஐ லைட்டில், அதாவது யுபிஐ செயலியில் சின்னச் செலவுக்கென்று இருக்கும் பையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் போகும், மொத்தம் 5,000 வரை வைக்கலாம். பத்து ரூபாய் சுருமுரி (மசாலாப் பொரி), இருபது ரூபாய் பஜ்ஜி எல்லாம் பாஸ்புக்கை நிரப்பாது. ஆனால் பின் நம்பர் கேட்காது என்பதால் கூட்டத்தில் ஃபோன் தொலைந்தால் ஏற்றிய பணத்துக்கும் ஆபத்துதான். திரைப் பூட்டு போடாமல் போகாதீர்கள். நானாக இருந்தால் பத்தும் இருபதுமாக நோட்டை மாற்றி மேல்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போவேன். பாக்கெட் காலியானதும் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பும்.

தீபாவளிச் சீட்டு: பதிவு செய்யாத சீட்டு 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி தவறு. அக்கா நல்லவராகவே இருக்கலாம். சீட்டு எடுத்தவர்களில் இரண்டு பேர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டால் அந்த அக்காதான் என்ன செய்வார்? வேண்டாம்.

கணக்கு எழுதுவதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் பரிஷையிலிருந்து வந்த ராத்திரியே, காலில் மண்ணோடு உட்கார்ந்து எழுத வேண்டாம். வளையல் 450 என்று எழுதுவதை அதைப் போட்டுக்கொண்டிருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒதுக்கிய 2,500-க்குள் எதற்கு எவ்வளவு என்று எழுதவே தேவையில்லை. பரிஷை 2,500 என்று ஒரே வரி. மிஞ்சினால் அடுத்ததற்கு. அந்த 140 ரூபாய் கூடுதலை இந்தத் தடவை மன்னித்துவிடுங்கள், கடலை இன்னும் டப்பாவில் இருக்குமே.

லால்பாக்குக்குப் போங்கள். இருவருக்கும் ஒரு வார நாளில் விடுப்பு கிடைத்தால் கூட்டமும் குறைவு. ஸ்ரீராமபுரத்தில் ஏறினால் அதே பச்சைப் பாதை, பரிஷைக்கு இறங்கிய நேஷனல் காலேஜுக்கு அடுத்த நிறுத்தம். திரும்பும்போதும் மெட்ரோவிலேயே வாருங்கள்.