பினாங்கு நடைச் சுற்றுலா: மதியம் 2 மணியா, காலையா?

அம்மாவுடன் போகும் பினாங்கு நடைச் சுற்றுலாவுக்கு மதியம் 2 மணி சரியா, காலை நேரம் சரியா என்று கேட்டிருந்தீர்கள். காலை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மதியம் 2 மணிக்குப் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் கிளம்பினால், அம்மா ஆசைப்படும் மாரியம்மன் கோயில் பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும். போனமுறை நீங்கள் போனபோதும் கோயில் மூடியிருந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, கோயில் வாசல் குயின் தெருப் பக்கம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியாகவே நடந்தால் கண்ணில் படுவது அதன் பின்புறம். 1833-இல் எழுந்த கோயில். கோபுரத்தை எதிரே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். வழிகாட்டியிடம் “குயின் தெரு வழியாகப் போவீர்களா?” என்று முன்கூட்டியே கேளுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், நண்பகல் ஜும்ஆ தொழுகையின்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குள் சுற்றிப் பார்க்க முடியாது.

சாப்பாட்டில்தான் கவனம் தேவை. அம்மா சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அசாம் லக்சா என்னும் புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீனில் செய்வது. சார் குவே தியாவ் என்னும் வறுத்த நூடுல்ஸில் இறாலும் சிப்பியும் இருக்கும், பல கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேரும். காய்கறி வதக்கலில்கூட பெலாச்சான் என்னும் இறால் விழுது ஒளிந்திருக்கும். “இறைச்சி இல்லை” என்று கடைக்காரர் சொன்னால் அது போதாது, பெலாச்சானைத் தனியாகக் கேளுங்கள்.

ஜார்ஜ் டவுனின் இந்தியர் பகுதியான லிட்டில் இந்தியா பக்கம் வந்துவிட்டால் கவலையில்லை. தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவிய சூடான புட்டு மாயம், அதாவது நம் இடியாப்பம், அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.