ஆழமாகத் தோண்டினால் போதுமா?

கேள்வி: நிலநடுக்கத்துக்கு அஸ்திவாரத்தை ஆழமாகப் போட்டாலே போதும் என்கிறார் எங்கள் மேஸ்திரி. சரிதானா? (கடலூர் வாசகர்)

பதில்: பாதிதான் சரி. ஆழத்தைவிட அடியில் என்ன மண் என்பதுதான் விஷயம். 1964 ஜூனில் ஜப்பானின் நீகாட்டாவை 7.5 அளவு நிலநடுக்கம் உலுக்கியபோது, ஆற்றையொட்டி இருந்த அடுக்குமாடிகள் உடைந்து விழவில்லை, அப்படியே முழுசாகச் சாய்ந்தன, ஒன்று கிட்டத்தட்ட படுத்தேவிட்டது. கீழே நீர் ஊறிய தளர்ந்த மணல்; குலுங்கும்போது துகள்களுக்கு நடுவில் தண்ணீரின் அழுத்தம் ஏறி, ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி விட்டுப்போய், தரையே கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. கடற்கரையில் அலை வந்துபோன ஈர மணலில் நின்று காலை அசைத்துப் பாருங்கள், பாதம் மெல்லப் புதையும், ஏறக்குறைய அதேதான். அப்படிப்பட்ட இடத்தில் கெட்டித் தரை வரை பைல் (தரைக்குள் ஆழமாக இறங்கும் நீளத் தூண்) இறக்கணும், இல்லையென்றால் மணலை இடித்து இறுக்கணும்.

மண் நல்லதாகவே இருந்தாலும் தூண்களின் அஸ்திவாரங்களைத் தனித்தனியாக விடாதீர்கள், பீம் போட்டு ஒன்றோடொன்று கட்டிவிடுங்கள். அப்புறம், 2001 பூகம்பத்துக்குப் பின் குஜராத்தின் புஜ்ஜில் மறுபடி கட்டிய மருத்துவமனை, தரையின் குலுக்கல் மேலே அதிகம் ஏறாமல் தடுக்கும் ஈயம் வைத்த ரப்பர் தாங்கிகள் மேல் நிற்கிறது, அதெல்லாம் நம் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள், மேஸ்திரி முறைத்தாலும் பரவாயில்லை.